கெடு முடிந்த பிறகு

"உலகமே அழிஞ்சிடும்னு சொன்னீங்களே தம்பி. ஒண்ணும் ஆகலையே?"

டாக்டரம்மா கேட்டதும் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியே அவருடையது. சிரிக்காமல் இருக்க முடியுமா?

அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அவனும் சிரித்துவைத்தான்.

இரண்டு வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னான். இந்தப் பழைய விண்டோஸுக்குக் கம்பெனி கெடு வைத்திருக்கிறது, அது முடிந்தால் பாதுகாப்பு அப்டேட் வராது. ஒரு கம்ப்யூட்டருக்குள் வைரஸ் நுழைந்தால் போதும். பில், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, வார்டு, எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. அத்தனையும் முடங்கிப்போகும்.

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.

அடுத்த வருஷமும் வந்தது. வரவேற்பறைக்கு மீன்தொட்டி வாங்கினார்கள்.

போன மாதம் கெடு முடிந்தது. ஒரு கம்ப்யூட்டர்கூடத் தும்மவில்லை. இப்போது கேன்டீன்காரர்கூட அவனைப் பார்த்தால், டீயில் வைரஸ் இல்லையே சார் என்கிறார்.

எரிச்சல் மண்டைக்கு ஏறியது. வந்து தொலைந்தால்தான் என்ன? ஒரே ஒரு நாள். அப்போது தெரியும் இவர்களுக்கு.

அறைக்கு வந்து டீயை எடுத்தான். போன் அடித்தது. பில் கவுன்டர் ஜெசிந்தா.

"சார், பார்சல் வந்திருக்காம். ரசீதைத் திறக்கச் சொல்லி ஒரு மெயில். நான் எதுவும் ஆர்டர் பண்ணலையே. திறக்கட்டுமா?"

"திறக்காதீங்க. வைரஸ் வர்றதே அப்படித்தான். அழிச்சிடுங்க."

"அழிச்சிட்டேன் சார். டாக்டரம்மாவுக்கும் இதே மெயில் போயிருக்கு. அனுப்பின லிஸ்ட்ல அவங்க பேரும் இருந்துச்சு."

போனை வைத்தான்.

டாக்டரம்மா யாரையும் கேட்டுத் திறப்பவர் இல்லை.

ஒரு போன் போட்டால் போதும். ஆனால் போட்டால் இன்னொரு சிரிப்பு. அடுத்த கூட்டத்தில் இன்னொரு கதை.

டீ ஆறிக்கொண்டிருந்தது.

குடித்தான். நிதானமாகவே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தான்.

ஜன்னலுக்குக் கீழே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரில் ஒரு பெண். கூடவே ஓடிய ஆள் வெறுங்கையோடு இருந்தான். பழைய ஸ்கேன் எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லதான் இருக்கு சிஸ்டர் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனான்.

ஜன்னலில் நின்றவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

மாடிக்கு ஓடினான். கதவைத் தட்டக்கூட இல்லை.

டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க தம்பி. ஏதோ பார்சல் ரசீதாம். இப்பதான் திறந்தேன். உள்ள எதையுமே காணோம்."