துண்டுக்கடியில் ஓட்டு

“முனிராஜா? அந்தாளா நமக்குப் புத்தி சொல்லணும்?” என்று மூத்த மகன் பூபதி சிரித்தான்.

“ஸ்ட்ரைக்கப்போ நம்ம மண்டி கேட்டுக்கு முன்னாடி அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினவன்தானே?” என்றான் இளையவன் குமார்.

“அவரு மண்டிக்குள்ள கால் வெச்சா, நான் இந்தப் பக்கமே வர மாட்டேங்கப்பா” என்றாள் மகள் சுகுணா.

கிருஷ்ணப்பனுக்கு மனம் குளிர்ந்தது. எதிர்பார்த்தது இதைத்தான்.

பாப்பாரப்பட்டியில் அவருக்குப் புளி மண்டி. அப்பா காலத்துச் சொத்து. பிள்ளைகள் மூவரும் பங்குதாரர்கள், காகிதத்தில். அவர் பேசுவார், அவர்கள் தலையாட்டுவார்கள். இதற்குக் குடும்பத் தொழில் என்று பெயர்.

இப்போது மண்டியையும் கிடங்கையும் அடமானம் வைத்து, தருமபுரி பைபாசில் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார். முகப்பில் அவருடைய சிலை வேறு.

வங்கி மேலாளர்தான் முட்டுக்கட்டை போட்டார்.

“குடும்பத்துக்கு வெளியே, நீங்க நம்பற ஆள் ஒருத்தரை ஆலோசகரா வையுங்க. பங்குதாரருங்க எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கணும். அவரு திட்டத்தைப் பார்த்து, சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் கடன்.”

ஆள் தயாராகவே இருந்தார். ஆடிட்டர் வெங்கடாசலம். கிருஷ்ணப்பன் தும்மினாலும் “அருமைங்க” என்பவர்.

ஆனால் ஒரே ஒரு பெயர் இருந்தால் தேர்தல் மாதிரித் தெரியாதே. யாரும் ஓட்டுப் போடாத இன்னொரு பெயர் வேண்டும். அதற்குத்தான் முனிராஜ்.

மண்டியில் புளி தட்டும் பெண்களுக்குச் சங்கம் வைத்தவர். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடத்தியவர். கிருஷ்ணப்பன் ரகசியமாகக் கொடுத்தனுப்பிய கவரை, மண்டி வாசலில் எல்லோரும் பார்க்க அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தவர். ஜெயித்த அன்று போகிற போக்கில், “இந்தக் கூலியால உங்க மண்டி மூழ்காதுங்க. உங்க வெட்டிப் பெருமையாலதான் மூழ்கும்” என்று முகத்துக்கு நேரே சொன்னவர்.

“அந்தாளு சம்மதிச்சாருங்களா?” என்று கேட்டாள் சுகுணா.

“கேட்டேன். ‘தேர்ந்தெடுத்தா வர்றேன், ஆனா கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட மாட்டேன்’ங்கறான். நெனைப்பைப் பாரு!”

மூவரும் சிரித்தார்கள்.

மண்டபம் எழும்பினால் மண்டி போய்விடும். இது பூபதிக்குத் தெரியும், குமாருக்குத் தெரியும், சுகுணாவுக்கும் தெரியும். அவரவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு புலம்பியும் ஆயிற்று. அப்பாவுக்கு எதிரில் மட்டும், “உங்க இஷ்டம்ங்கப்பா.”

“சரி, வெங்கடாசலத்துக்கு யார் யாரு? கையைத் தூக்குங்க” என்றார் கிருஷ்ணப்பன்.

ஒரு கையும் எழவில்லை.

“கையத் தூக்கினா நாளைக்குத் தோத்தவங்களோட மனஸ்தாபம் வரும்ங்கப்பா” என்று இழுத்தான் பூபதி. “நம்ம மண்டி வழக்கப்படி துண்டு போட்டுக்கலாமே?”

“ஆமாங்கப்பா, துண்டுதான் நல்லது” என்றார்கள் மற்ற இருவரும், அவசர அவசரமாக.

அந்த மண்டியில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வாங்குபவரும் விற்பவரும் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். என்ன விலை என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

“ஒரு விரலைப் பிடிச்சா வெங்கடாசலம். ரெண்டு விரலைப் பிடிச்சா முனிராஜ்.” கிருஷ்ணப்பன் கையை நீட்டித் துண்டைப் போட்டு மூடினார்.

“நம்ம ஆடிட்டரை விட்டா வேற யாருங்கப்பா?” என்று சொல்லிக்கொண்டே பூபதி கையை விட்டான்.

“அந்தக் கொடிக்காரன் மூஞ்சியக் கண்டாலே எனக்கு ஆகாது” என்று சொல்லிக்கொண்டே குமார் கையை விட்டான்.

சுகுணா தலையைக் குனிந்தபடி கையை விட்டாள்.

எந்த விலை கேட்டாலும் மாறாத வியாபாரியின் முகம் கிருஷ்ணப்பனுக்கு. இப்போதும் மாறவில்லை.

“வெங்கடாசலம்தான். மூணு பேரும் ஒருமனதா அவரையே சொல்லிட்டீங்க. யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க.”

மூவரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். பூபதி கைதட்டினான். மற்ற இருவரும் அவனைவிடப் பலமாகத் தட்டினார்கள். தீர்மானத்தில் மூன்று கையெழுத்தும் விழுந்தது.

அவர்கள் போனதும் கிருஷ்ணப்பன் ஆடிட்டருக்குப் போன் போட்டார்.

“ஜெயிச்சுட்டீங்க வெங்கடாசலம்! ஒருமனதான்னு அறிவிச்சாச்சு.”

“அருமைங்கண்ணா! மூணு ஓட்டும் எனக்குங்களா?”

“ஒண்ணுகூட இல்ல. மூணு பேரும் ரெண்டு விரலைத்தான் புடிச்சாங்க.”

இந்தத் தடவை “அருமைங்க” வரவில்லை.

“அண்ணா… ‘ஒருமனதா’ன்னு சொன்னது பொய்யின்னு அவங்க ஒவ்வொருத்தருக்கும் தெரியுமேங்க? ‘நான் முனிராஜுக்குத்தானே போட்டேன்’னு யாராச்சும் ஒருத்தர் வாயைத் திறந்திருந்தா?”

கிருஷ்ணப்பன் சிரித்தார்.

“வாயைத் திறக்கற பிள்ளைங்களா இருந்தா, துண்டைக் கேட்டிருக்க மாட்டாங்களே!”