குறி சொல்கிறவள்

"என்னாச்சு?" என்றான்.

அவள் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பட்டுருச்சுங்க."

அவன் காலித் தோட்டாவை வெளியே தள்ளினான். அது புல்லில் விழுந்தது. அடுத்ததைப் போட்டான்.

காலையிலிருந்து இதே கேள்வி. இதே பதில்.

அவனுக்குத் தெரிய வழியில்லை. வெடித்ததும் துப்பாக்கி தோளில் உதைக்கும். மேலே பொருத்திய குறிக்குழாயும் சேர்ந்து துள்ளும். அது அடங்கி அவன் மறுபடி பார்க்கும்போது, எட்டத்தில் வெறும் மண்மேடுதான் இருக்கும்.

பார்ப்பது அவன் மனைவி.

அவ்வளவு தூரம் குண்டு போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். வெடிச்சத்தம் அவள் காதில் விழுந்த பிறகும் அந்தப் பிராணி மேட்டின் மேல் நின்றுகொண்டிருக்கும். ஒரு புல் தண்டை முன்னங்கால்களில் பிடித்து மென்றுகொண்டிருக்கும்.

அதற்குள் கண்ணை மூடிக்கொள்ளலாம். மூடினால் அவனுக்கு என்ன பதில் சொல்வது?

புல்வெளி நாய் என்று பேர். நாயே இல்லை, கொழுத்த அணில். மண்ணுக்கடியில் வளை தோண்டிக் கூட்டம் கூட்டமாக இருக்கும். ஆபத்தென்றால் குரைக்கும். நாய்க்கும் அதற்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

அமெரிக்காவில், டகோட்டாவின் இந்தச் சமவெளியில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வண்டியின் நிழலும் மதியத்தில் சக்கரத்துக்கடியில் சுருங்கிவிட்டது.

சுடுவது செங்கோட்டுவேலுக்குத் தொழில் இல்லை. நாமக்கல்லில் படித்த மாட்டு டாக்டர். சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்கெல்லாம் அவன்தான் வைத்தியம் பார்க்கிறான். வியாழக்கிழமை கார்ல் என்ற பண்ணைக்காரர் கூப்பிட்டிருந்தார். சினைமாடு ஒன்று ஓடிவந்து வளைக்குள் காலை விட்டு எலும்பை முறித்துக்கொண்டது. ஒன்றும் செய்வதற்கில்லை. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே ஊசியைப் போட்டு, அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். அன்று இரவு சாப்பிடவில்லை.

வளைகள் அத்தனையிலும் விஷப்புகை விடப்போவதாகக் கார்ல் சொல்லிவிட்டார். புகை விட்டால் கூட்டமே போய்விடும். காலி வளைகளில் குடியிருக்கும் குட்டி ஆந்தைகளும் சேர்ந்து போகும். செங்கோட்டுவேல்தான் தடுத்தான். மாடு மேய்கிற வேலியோரத்தில் இருப்பதை மட்டும் நான் சுட்டுக் குறைத்துத் தருகிறேன், மீதியை விட்டுவிடுங்கள் என்றான். ஞாயிறு சாயங்காலம்வரை பொறுப்பதாக அவர் ஒத்துக்கொண்டார்.

இன்று ஞாயிறு.

"பட்டுருச்சுங்க," என்றாள் மறுபடி.

இந்த முறை அவள் கண்ணை எடுத்திருக்கலாம்.

விழுந்து கிடந்ததன் பக்கத்தில் வளைக்குள்ளிருந்து இன்னொன்று வெளியே வந்தது. முகர்ந்தது. அதன் வாயோடு வாய் வைத்தது. தன் கூட்டம்தானா என்று இவை விசாரிப்பது அப்படித்தான் என்று அவனே ஒருநாள் சொல்லியிருக்கிறான். வந்தது தலையைத் தூக்கவில்லை. வைத்த வாயை எடுக்காமல் அப்படியே நின்றது.

"காத்து எப்படி?" அவன் கேட்டான்.

"வலது பக்கமிருந்துங்க."

இடது பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது.

அவன் காற்றுக்குத் தக்கபடி குறிக்குழாயின் திருகைத் திருப்பினான். சுட்டான். மேட்டுக்கு அப்பால் புழுதி பறந்தது.

"படலீங்க."

அடுத்ததும் படவில்லை. அதற்கடுத்ததும்.

அப்புறம் அவன் தலையைத் தூக்கினான். வண்டியை ஒட்டி நின்ற புல்லைப் பார்த்தான். வெளி முழுக்கப் புல் வலது பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் துப்பட்டாவின் நுனியும் அந்தப் பக்கம்தான் பறந்தது.

மறுபடி துப்பாக்கியில் கன்னத்தை வைத்தான். அவள் சொன்னபடியே திருகை வைத்தான். சுட்டான்.

படவில்லை.

துப்பாக்கியை மணல் மூட்டைமேல் விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தான். பாட்டிலை அவளிடம் நீட்டினான். அவள் முகத்தைப் பார்க்காமல், வேலியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நாளைக்குப் புகைய விட்டுப்போடுவாங்க கோதை. ஒண்ணுகூட மிஞ்சாது."

"தெரியுங்க."

தண்ணீர் வெந்நீராக இருந்தது. கொஞ்சம் குடித்தாள். கொஞ்சம் கண்ணில் விட்டுக் கழுவினாள். தொலைநோக்கியின் விளிம்பு அழுத்தி அழுத்திக் கண்ணைச் சுற்றித் தடம் விழுந்திருந்தது.

அவள் எழுந்துகொண்டாள்.

"எந்திரிங்க. நாஞ் சுடறேன். நீங்க பாருங்க."

அவன் உடனே எழவில்லை. அவளுக்குச் சுடத் தெரியாதென்று இல்லை. வேலிக்கம்பத்தில் டப்பாக்களை அடுக்கி அவன்தான் சொல்லிக்கொடுத்தான். அவனைவிட நன்றாகவே சுடுவாள். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவன் நகர்ந்து தொலைநோக்கியின் முன்னால் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் குழாயைச் சரிசெய்வதுபோல் வெகுநேரம் ஏதோ செய்துகொண்டிருந்தான்.

துப்பாக்கிக் கட்டையில் அவன் கன்னத்தின் சூடு இன்னும் இருந்தது.

"காத்துங்க?"

"எடது பக்கமிருந்து," என்றான். உண்மையைத்தான் சொன்னான்.

அவள் திருகைத் திருப்பினாள். குறிக்குழாய்க்குள் ஒன்று நிமிர்ந்து நின்றது. முகம் தெரியவில்லை. இங்கிருந்து பார்த்தால் இவ்வளவுதான் தெரியுமா என்று நினைத்தாள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள்.

அழுத்தினாள்.

தோளில் இடித்தது. வானம் வந்து போனது. அடங்கிப் பார்த்தபோது வெறும் மேடு.

"என்னாச்சுங்க?"

அவன் நிமிரவில்லை. கண் குழாயிலேயே இருந்தது. மேட்டுக்கு அப்பால் புழுதி எதுவும் எழவில்லை. தூரத்தில் நின்றுபோன குரைப்பு ஒவ்வொன்றாக மறுபடி தொடங்கியது.

அவள் காத்திருந்தாள்.

"படலை," என்றான்.

எந்தப் பக்கம் போனது என்று அவள் கேட்கவில்லை.