ஈரத்தோல் பாடம்

இன்ஸ்பெக்டரை நாற்காலியோடு கயிறு கட்டி ஆறு பிள்ளைகள் இழுத்தார்கள். மனிதர் இம்மியும் அசையவில்லை. நல்ல கனத்த உடம்பு, கோட்டு, துருக்கித் தொப்பி.

சௌந்தரம் டீச்சருக்கு அதில்தான் சந்தோஷம். ஆம்பூருக்கு வந்து இரண்டே மாதம். இன்றைய பள்ளிப் பரிசோதனையில் இன்ஸ்பெக்டர் நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிலைக்கும். வாசலில் வண்டி நின்றதுமே ஓடிப்போய் இவரை அழைத்து வந்துவிட்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மொதல்ல பாடத்தப் பாருங்க சார், மத்ததெல்லாம் அப்புறம்" என்று உட்கார வைத்தாள். பின்னாலேயே குடையோடு வந்த ஒல்லி ஆள், சேவகன் போலும், சுவரோரம் நின்றுகொண்டான்.

"நாற்காலி ஏன் நகரல?"

"தரை சொரசொரன்னு கீது டீச்சர். புடிச்சிக்கிது" என்றாள் எல்லம்மா.

"அதான் உராய்வு. பொஸ்தகத்துல பனிக்கட்டி மேல சறுக்கிப் பாக்கச் சொல்லியிருக்கு. ஆம்பூர்ல பனிக்கட்டிக்கு எங்க போறது? அத எடுத்து வா."

எல்லம்மாவும் கூட்டாளிகளும் காலையில் எங்கிருந்தோ சுருட்டிக் கொண்டுவந்த மாட்டுத்தோலை விரித்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி மயிர் உதிர்ந்த தோல், கால் வைத்தால் வழுக்கும். இன்ஸ்பெக்டர் குனிந்து அதன் ஓரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பாடத்தில் என்ன அக்கறை என்று டீச்சர் பூரித்துப் போனாள்.

நாற்காலியைத் தோல்மேல் ஏற்றியதும் எல்லம்மா ஒருத்தியே இழுத்தாள். மனிதர் சர்ரென்று சறுக்கிப்போய்க் கரும்பலகையில் முட்டிக்கொண்டார். வகுப்பே கைகொட்டிச் சிரித்தது.

"இப்ப மட்டும் ஏம்மா நகந்துச்சு?" என்று கேட்டான் குடைக்காரன்.

"நீ சும்மா நில்லுய்யா. கேள்வி கேக்க ஐயா இருக்காரு" என்று டீச்சர் அதட்டினாள்.

"உராய்வு கம்மி. கொஞ்சம் விசையே போதும்" என்று எல்லம்மா அதற்குள் சொல்லிவிட்டாள்.

டீச்சர் கைகூப்பினாள். "பாடம் எப்படி சார்?"

"பாடம் ஜோரா இருக்குது டீச்சரம்மா. நான் தோல் ஷாப்பு கலீமுல்லா. காலைலேர்ந்து நான் தேடிட்டு இருக்கற தோலு இதுதான். என் குறி போட்டிருக்குது பாருங்க."

டீச்சர் குனிந்து குறியைப் பார்த்தாள். "அப்போ... இன்ஸ்பெக்டரு?"

குடைக்காரர் குடையைச் சுவரில் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான்தாம்மா. என்னையும் ஒரு தரம் இழுக்கச் சொல்லுங்க."