இருபத்தேழாம் எக்ஸ்டென்சன்

“இருபத்தேழுல மட்டும் கை வைக்காதீங்க தம்பி.”

காலையிலிருந்து பால்ச்சாமி இதைச் சொல்வது நாலாவது தடவை. ஜெபக்குமாருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

ராஜபாளையத்திலிருந்து ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து வந்தவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த மூன்று மாடி அரசுக் கட்டடத்தின் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்ட வேண்டும். நாலு மணிக்குப் பெரிய அதிகாரி முதல் போன் பேசித் துவக்கி வைக்கிறார். இப்போதே மணி ஒன்றரை. கம்பெனி முதலாளி இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் செல்லில் கூப்பிட்டு, “எம்புட்டு முடிஞ்சது? எம்புட்டு முடிஞ்சது?” என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

“லிஸ்ட்ல இருபத்தேழு காலின்னு போட்டிருக்கு சார். காலி நம்பரை வச்சு நான் என்ன செய்ய?”

“இருக்கட்டும். பொறவு பாத்துக்கிடலாம்.”

“எந்த ரூம்ல இருக்கு? அதையாவது சொல்லுங்க.”

பால்ச்சாமி ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார். இரண்டாவது மாடியில் உதவித்தொகைப் பிரிவுக்கு அவர்தான் ஹெட் கிளார்க். அவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள சுவரில்தான் எல்லா வயரும் வந்து சேரும் பெட்டி இருந்தது.

பக்கத்து சீட் வெங்கடேஸ்வரி, ஜெபக்குமாரிடம் குரலைத் தாழ்த்தினாள்.

“தெனமும் நாலஞ்சு தடவை அவருக்குப் போன் வரும். உடனே எந்திரிச்சுப் போயிருவாரு. எங்க போறீகன்னு கேட்டா மொறைப்பாரு.”

செல் மறுபடி அடித்தது. முதலாளி. ஜெபக்குமார் எடுக்கவில்லை.

டெஸ்டிங் போனை இருபத்தேழாம் வயரில் செருகி மணியடித்துப் பார்த்தான். ரெண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பெண் குரல்.

“சார், மாரிக்கனி பேசுதேன். வந்துட்டேன். கூப்பிடத்தான் நெனச்சேன், நீங்களே கூப்பிட்டுட்டீக. செத்த கீழ வாரீகளா?”

அப்படியா சங்கதி!

ஜெபக்குமார் பிரிவு முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டான். “சார், உங்களுக்குத்தான் போன்! மாரிக்கனியாம். கீழ காத்துக்கிட்டிருக்காகளாம்!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பால்ச்சாமியின் முகம் கறுத்துப் போனது. எழுந்தார். ஒரு ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

“கவர்மென்ட் லைன்ல நடக்குற வேலையைப் பாருங்க” என்று ஜெபக்குமார் கட்டிங் பிளேயரை எடுத்தான். நறுக்.

அதோடும் மனசு அடங்கவில்லை. காலையிலிருந்து தன்னை இந்தப் பாடு படுத்திய மனுஷன். அதிகாரியிடம் சொல்வதென்றால் கையில் சாட்சி வேண்டாமா? செல்லில் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு வயரின் பின்னாலேயே போனான்.

வயர் ஜன்னல் வழியாக இறங்கியது. பைக் ஸ்டாண்டு கூரைமேல் ஓடி, காம்பவுண்டுச் சுவரைத் தொட்டு, பின்பக்கம் ஜெனரேட்டர் ஷெட்டுக்குள் நுழைந்தது.

ஜெபக்குமார் செல்லை உயர்த்திக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

பக்கவாட்டில் சக்கரம் மாட்டிய ஒரு ஸ்கூட்டர். அதன்மேல் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். ஒரு கால் சூம்பியிருந்தது. ரெண்டு ஊன்றுகோல்கள் சுவரில் சாய்ந்திருந்தன. பின்னால் முழங்காலுக்குக் கீழே கால் இல்லாத ஒருவர் முறைக்குக் காத்திருந்தார். அவர் தலைக்கு மேலே பலகைப் பெட்டிக்குள் ஒரு பழைய போன்.

ஹெட் கிளார்க் பால்ச்சாமி தரையில் குத்தவைத்து, தொடைமேல் ஃபைலை விரித்து, அவள் சொல்லச் சொல்ல விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார்.

ஜெபக்குமாரின் கை தானாக இறங்கியது. மேலே எல்லார் முன்னாலும் போட்ட சத்தம் அவன் காதுக்குள்ளேயே திரும்பக் கேட்டது.

பால்ச்சாமி நிமிரவில்லை. “மூணு தடவை எழுதிக் கேட்டேன் தம்பி. லிஃப்ட்டும் வரல, கீழ ஒரு மேசை போடவும் ஆர்டர் வரல. நானா வயர் வாங்கி இழுத்துட்டேன். தப்புதான். ரிப்போர்ட்ல எழுதணும்னா எழுதிக்கிடுங்க.”

“யாரு சார் இவிய?” என்றாள் மாரிக்கனி.

“புது போன் மாட்ட வந்தவரு.”

அவள் முகம் மலர்ந்தது. “நல்லவேளை வந்தீக தம்பி. இப்பப் பேசி முடிச்ச கையோட இது செத்துப்போச்சு. மேல ஏற முடியாதவுக நாங்க சுந்தரபாண்டியத்துல இருந்தெல்லாம் வாரோம். இதுல ஒரு மணி அடிச்சாப் போதும், சாரு ஃபைலோட இறங்கி வந்துருவாரு. கொஞ்சம் பாத்துச் சரி பண்ணிக் குடுங்களேன்.”

ஜெபக்குமார் செல்லைச் சட்டைப் பைக்குள் போட்டான். “பண்ணிருதேன்க்கா. அறுத்தது நான்தான்.”

பால்ச்சாமி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

செல் அடித்தது. இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தான்.

“ஏலே, எம்புட்டு முடிஞ்சது?” முதலாளி கத்தினார்.

“நாலு மணிக்கு முடியாது சார். இருபத்தேழுக்குப் புது லைன் விட்டுட்டுத்தான் மத்ததெல்லாம்.”

“வெளையாடுறியா? பெரிய அதிகாரி காத்துக்கிட்டிருப்பாருலே!”

“காத்திருக்கட்டும் சார். அவரால மாடி ஏற முடியும்.”