பதினோரு நிமிடம்

"என் தாமதப் பதிவை நான் பார்க்கணும் சார்."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். ஊசிப் பெட்டியோடு என் மேசைக்கு வந்திருந்த மேலாளர் ஞானராஜ் சிரித்தார்.

"உங்க வீட்ல நீதானே முதல் டிகிரி? ஆபீஸ் வேலை பழகல, அதான் தள்ளிப்போடுற. ஒரு ஊசி போட்டா சோம்பல் போயிடும்மா."

அவர் கையிலிருந்த டேப்லெட் கணினியைப் பிடுங்கித்தான் பார்த்தேன். ஒவ்வொரு கடிதத்துக்கும் நான் எடுத்த நேரம், ஆபீஸில் கட்டிவிட்ட மணிக்கட்டுப் பட்டை மூன்று மாதமாக அளந்தது அத்தனையும் அதில் இருந்தது. இன்ஷூரன்ஸ் பணம் உண்டு என்ற கடிதங்களை உடனே அனுப்பியிருக்கிறேன். செத்தவர் வீட்டுக்குப் பணம் கிடையாது என்ற கடிதங்களுக்கு மட்டும் தலா பதினோரு நிமிடம்.

"இது சோம்பலா சார்?"

"காரணம் எதுவா இருந்தா என்ன? தாமதம் தாமதம்தான்."

பக்கத்து மேசை ரெஜினா அக்கா போன மாதம் ஊசி போட்டுக்கொண்டவர். முன்பெல்லாம் அப்படியொரு கடிதம் அனுப்ப வேண்டி வந்தால் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வருவார். இப்போது முறுக்கைக் கடித்தபடியே, சாக்கடைக்குள் மூச்சுமுட்டிச் செத்தவரின் மனைவிக்கு 'கிடையாது' அனுப்பினார். விரல் எண்ணெயைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"போட்டுக்கடி. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"சரி, நாளைக்கு யோசிச்சுச் சொல்லு" என்றார் ஞானராஜ்.

பட்டையைக் கழற்றி அந்த முறுக்குப் பொட்டலத்தின் மேல் போட்டேன். அதற்கு எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.