ஆலைச் சங்கு

"நிறுத்துங்க உங்க கூத்தை."

மண்டபத்தின் நடு வரிசையில் மெத்தைக் கடைக்காரர் எழுந்து நின்றார். இன்னும் பத்து வருஷத்தில் இந்தத் தெரு எப்படி இருக்கும் என்று மேடையில் நாடகக்காரப் பெண் ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். மழை கொட்டுமாம், ஆனால் தண்ணீர் வீட்டுக்குள் ஏறாமல் வழிந்து குளத்துக்குப் போய்விடுமாம். அவள் பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

இந்தக் குரலுக்குத்தான் கடைத்தெருவில் அவருக்கு 'ஆலைச் சங்கு' என்று பெயர். அதைக் கேள்விப்பட்டுத்தான் முந்தின நாள் முன்பின் தெரியாத ஒரு குறுந்தாடிக்காரன் கடைக்கு வந்தான். பருவநிலை மாற்றம், நம்பிக்கை என்று நாடகம் போட்டு ஜனங்களை ஏமாற்றுகிறார்கள், கடைசிக் காட்சிக்கு முன்னால் நீங்கள் எழுந்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டால் போதும், கூட்டம் கலைந்துவிடும் என்று தூபம் போட்டான். போட்டிருக்கவே வேண்டாம். இரண்டு வெள்ளத்தில் ஊறி நாறிய மெத்தைகளைத் தெருவில் குவித்துக் கொளுத்தியவர் அவர். வயிறு ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது.

"உலகமே சூடாயிட்டிருக்கு. மழை இனிமே இப்படித்தான் பேயும். நீங்க வசனம் பேசினா நின்னுடுமா? இது முழுகப்போற தெரு. அதைச் சொல்லிட்டு மூட்டையைக் கட்டுங்க."

கைதட்டல் வரும் என்று பார்த்தார். வந்தது அவர் மனைவியின் குரல். நாலு பேர் முன்னால் அவரை எதிர்த்து இதுவரை ஒரு வார்த்தை பேசியறியாதவள்.

"போன வெள்ளத்துல நானும் எதிர்வீட்டுக்காரியும் இடுப்பளவு தண்ணில நின்னு கால்வாய் அடைப்பை எடுத்தோம். நீங்க மாடியில நின்னு எல்லாம் போச்சுன்னு கத்திட்டிருந்தீங்க. ரெண்டு பேர் கை வெச்சதுக்கே அந்தப் பக்கத்து வீடெல்லாம் தப்பிச்சுது. தெருவே இறங்கியிருந்தா?"

முகத்தில் ரத்தம் ஏற, உட்காருடி என்று அதட்டினார். அவள் உட்காரவில்லை. எதிர்வீட்டுக்காரியும் எழுந்தாள். பின்னாலிருந்து தச்சர் எழுந்து, பழைய பஞ்சை மூட்டை மூட்டையாகக் கால்வாயில் தள்ளுவது யார் என்று மட்டும் கேட்டார். மெத்தைக் கடைக்காரர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்புறம் மண்டபமே சண்டைக்களமாகிவிட்டது. குளத்தில் குப்பை கொட்டியவனை ஒருத்தர் ஏசினார், கால்வாய்மேல் படி கட்டியவனை இன்னொருத்தர் ஏசினார். நாடகக்காரர்கள் மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார்கள். ஏச்சு ஓய்ந்தபோது, ஞாயிற்றுக்கிழமை யார் மண்வெட்டி கொண்டு வருவது, மண்ணை அள்ள யார் வண்டி தருவது என்கிற வரைக்கும் பேச்சு வந்திருந்தது. வண்டி நான் தர்றேன் என்று முனகியது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

கூட்டம் போனதும், திரை இடுக்கில் அந்தக் குறுந்தாடியைக் கண்டு விறுவிறுவென்று மேடைக்குப் பின்னால் போனார். குறுந்தாடிக்காரன் அங்கே உட்கார்ந்து, வெள்ளம் என்று காட்ட மேடையில் விரித்துப் பிடித்த நீலத் துணியை மடித்துக்கொண்டிருந்தான்.

"உன் பேச்சைக் கேட்டு, பெண்டாட்டி வாயாலயே மானம் போச்சு. உனக்குத் திருப்திதானே? நீ கேட்ட மாதிரி கடைசிக் காட்சி நடக்கவே இல்ல."

அவன் துணியை வைத்துவிட்டு மரியாதையாக எழுந்து நின்றான்.

"கடைசிக் காட்சின்னு ஒண்ணு நாங்க எழுதவே இல்லைங்க."