அப்கமிங் ஆஸ்பத்திரி

திருக்கழுக்குன்றம் தாண்டி வேன் மண்பாதையில் இறங்கியதிலிருந்து ரேணுகாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இன்று ஒரு மனையாவது விற்றே ஆக வேண்டும். இன்னும் ஒரு வீடு எழும்பினால்தான் தெருவிளக்குக் கம்பம் நடுவேன் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தக் கம்பம் வந்தாக வேண்டும்.

விளம்பரத் தாளை எழுதியவள் அவள்தான். பிஏ இங்கிலீஷ் வீண்போகவில்லை. பள்ளிக்கூடம் ‘ப்ரொபோஸ்ட்’. பூங்கா ‘எமர்ஜிங்’. தார்ச்சாலை ‘அண்டர் டெவலப்மென்ட்’. ஆஸ்பத்திரி ‘அப்கமிங்’.

‘இல்லை’ என்பதை இத்தனை விதமாக எழுதலாம் என்று கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை.

வேனில் ஒரே குடும்பம். சிங்கப்பெருமாள் கோயிலில் ஏறிய தமிழ்வாணன், கார் கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவன். அவன் மனைவி ஜோதிலட்சுமிக்கு ஏழு மாதம். வேன் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

தமிழ்வாணன் தாளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தான். இங்கிலீஷில் அச்சடித்தது பொய்யாக இருக்காது என்ற நம்பிக்கை அவன் முகத்தில் இருந்தது. ரேணுகாவுக்கு அதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

எல்லைக் கற்களெல்லாம் புல்லில் மூழ்கிக் கிடந்தன. நடுவில், பூசாத செங்கல் சுவரோடு ஒற்றை வீடு.

“அந்த வூட்ல ஆள் கீறாங்க போல. ஆஸ்பத்திரி எப்போ வரும்னு அவங்களையே ஒரு வார்த்தை கேட்டுக்கிறேங்க்கா,” என்று ஜோதிலட்சுமி இறங்கி நடந்தாள்.

இதற்கெல்லாம் ஏற்பாடு உண்டு. வருகிறவர்களுக்கு மோர் கொடுத்து, இங்கே ஒரு குறையும் இல்லை என்று சொல்ல வீட்டுக்காரம்மாவைப் பழக்கி வைத்திருந்தார்கள். போன வாரம் வந்த இரண்டு வேனுக்கும் பிசகாமல் சொன்னாள்.

ஆனாலும் ரேணுகா ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனாள்.

செம்பு நிறைய மோரோடு வந்த வீட்டுக்காரம்மா ஜோதிலட்சுமியின் வயிற்றைப் பார்த்தாள். நீட்டிய கை பாதியில் நின்றது. பிறகு ரேணுகாவின் பக்கம் திரும்பினாள்.

“ரேணு, இந்தப் பொண்ணுக்கு வேணாண்டி.”

ஆட்கள் எதிரில் ‘மேடம்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மாவுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்.